விரல் யாருக்கு

கருப்பூர் தாண்டி
வெள்ளைக்கல் தோண்டித் தீர்ந்த பள்ளத்தில்
வளைத்து வளைத்து ஒரு பாதை.
பத்தொன்பது வண்டி, இரண்டு வகுப்பு, ஒரே புழுதி.
எண்ணூறு சிசியில் நாங்கள் பதினொரு பேர்,
ஆயிரத்து அறுநூறில் அவர்கள் எட்டுப் பேர்.
அவர்கள் கோப்பைக்கு அவர்கள், எங்கள் கோப்பைக்கு நாங்கள்.
அவர்களுடைய ஒரு டயர் விலைக்கு
என் இஞ்சினைப் பிரித்துச் சேர்க்கலாம்.

காலையில் டிரம் மேல் ஏறி நின்று கிளமென்ட் சொன்னார்:
"நீலக் கொடி பார்த்தா பயப்படாதீங்க.
பின்னாடி ஒருத்தன் வர்றான்னு அர்த்தம், அவ்வளவுதான்.
திடீர்னு ஒதுங்காதீங்க, பிரேக்கைத் தொடாதீங்க,
போற கோட்டுலயே போங்க.
தாண்டுறது தாண்டுறவன் தலைவலி."

போன வருஷம் எனக்கு இது தெரியாது.
கண்ணாடியில் சிவப்பு வண்டி பெரிதாகப் பெரிதாக
பந்தியில் நகர்ந்து உட்காருகிறவளைப் போல
சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கினேன்.
அவரும் அந்த இடப்பக்கத்தை நம்பித்தான் வந்திருந்தார்.
இரண்டு வண்டியும் வெள்ளை மண்ணில் போய் அமர்ந்தன.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே பிரான்சிஸ் டொமினிக் கேட்டார்:
"உங்களை யாருங்க நல்லவங்களா இருக்கச் சொன்னது?"
கதவில் அந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது.
தட்டி எடுக்க ஆயிரத்து எண்ணூறு கேட்டார்கள்.
வேண்டாமென்றேன்.

ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
எந்தச் செலவு எந்தத் தேதியில் வருமென்று
முன்கூட்டியே தெரிந்தால் போதும்,
முதலாளி யாரையும் திட்டுவதில்லை.

இந்த வருஷம். பதினான்காம் சுற்று.
எங்கள் வகுப்பில் நான் மூன்றாவது,
முதுகில் ஒட்டிக்கொண்டு ஜாபர்.
ஆறாம் திருப்பத்தில் நீலக் கொடி.
கண்ணாடியில் அதே சிவப்பு.
நான் அசையவில்லை.
ஸ்டியரிங்கில் வியர்வை, பல்லில் நறநறவென்று மண்.
திருப்பம் முடிந்து பாதை நிமிர்ந்ததும்
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
ஒற்றை விரலால் வலப்பக்கம் காட்டினேன்,
லாரிக்காரர் காட்டுவாரே, அப்படி.
காலைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், தளர்த்தினேன்.
சிவப்பு கடந்தது.
இரண்டு விரல் தூக்கி நன்றி சொன்னார்.
அதைப் பார்த்து மனசு குளிர்ந்த அதே அரை விநாடியில்
அவருடைய புழுதியைப் போர்த்திக்கொண்டு
ஜாபர்.

நான்காவது.

தகர ஷெட்டில் தட்டுவடை செட்டைக் கடித்தபடி
"அக்கா, விரலு எனக்குன்னு நெனச்சேன்" என்றான்.
முகமெல்லாம் வெள்ளை, பல்லும் வெள்ளை,
பொய் மட்டும் கலர்.

கிளமென்டிடம் போனேன். விதிகளைப் புரட்டிப் பார்த்தார்.
"வழி விட்டா ஒருத்தருக்குத்தான்னு எங்கயும் எழுதலையேம்மா."
எழுதாமல் இருப்பதுதானே மரியாதை என்றேன்.
"அதுக்கு அப்பீல் கிடையாது" என்றார்.

பிரான்சிஸ் டொமினிக் போகிற போக்கில்
"இந்தத் தடவை சரியாக் காட்டுனீங்க" என்றார்.
மூன்றாம் பரிசைவிட அது பெரிது என்று சொன்னால் பொய்.
கொஞ்சம் சின்னதுதான்.

ராத்திரி ஏற்காட்டுக்கு மலையேறினேன்.
பதினோராம் வளைவில் ஒரு சிலிண்டர் லாரி
முனகி முனகி முன்னால் போனது.
ஹாரன் அடிக்கவில்லை.
அதற்கும் ஒரு வகுப்பு இருக்கும்.
மேலே யாரோ அடுப்பு தீர்ந்து காத்திருக்கலாம்.
வளைவு முடிந்ததும்
இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.
வா.

கடந்தேன். இரண்டு விரல் தூக்கினேன்,
அவருக்குத் தெரிந்திருக்காது.
பின்னால் ஒற்றை விளக்கு ஒன்று
கூடவே நுழைந்து ஒட்டிக்கொண்டு வந்தது.
ஜாபர் வீடு கீழே, கோட்டைப் பக்கம்.
அவனாக இருக்க முடியாது.

இருந்தாலும் காலைத் தளர்த்தவில்லை.