ஆறு பேர் படுக்கலாம்

ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தது.
நாங்கள் ஏழு பேர்.
கூடத்துச் சோபா விரியும் என்று
வீட்டுக்காரி பதில் எழுதினாள்,
கடைசியில் ஒரு சிரிப்புமுகம் வைத்து.
சோபா எனக்கு என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

ஓர் இரவுக்கு அறுபது யூரோ.
"சும்மா மாதிரி அக்கா" என்றான்
பாசலில் இருந்து கஜரூபன்.
அறுபதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன்,
பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன்.
வெள்ளவத்தையில் அன்று கரண்ட் இல்லை.
கடற்காற்றும் இல்லை.
கடைசி ரயில் போனபோது
யன்னல் கம்பி மட்டும் கொஞ்சம் அசைந்தது.

என்னை அவர்களுடைய ஊர்களுக்கு விடமாட்டார்கள்.
கொழும்புக்கு வர வதனிக்கு லீவு காணாது.
ஜெயசீலனுக்கோ இங்கே வந்தால் நித்திரை வராது,
ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.
ஆகவே எவருடைய ஊருமல்லாத ஒரு மலை,
என் வாய்க்குள் வராத பெயரோடு,
மலிவான பனியோடு.

முப்பத்துநாலு படம்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
கந்தோர் மேசையில் ஒவ்வொன்றாகப் பெருப்பித்தேன்.
இரண்டாம் லாச்சிக்குள் கரண்டிகள்.
குளியலறை மாபிளில் ஒரு வெடிப்பு.
கதவுக்குப் பின்னால் நீல வாளி,
அது ஏன் படத்தில் வந்ததோ.
கீழே ஸ்கீ வைக்கிற அறை,
ஈரச் சப்பாத்துகளைத் தலைகீழாய்க் கொழுவ
சுவரில் இரும்புக் குச்சிகள்.
வாழ்நாளில் நான் கொழுவியது குடையைத்தான்.

விசாப் படிவம் கேட்டது:
திரும்பி வருவீர் என்பதற்கு என்ன ஆதாரம்?
வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம்,
வீட்டு வாடகை ரசீது எல்லாம் வைத்தேன்.
கொடியில் துவாய் காய்கிறது என்று
எழுத இடம் இல்லை.

தை பிறந்து ஐந்தாம் நாள்
கொடுத்தபடியே வந்தது பாஸ்போர்ட்.
கூட ஒரு தாள்,
அதில் எட்டுப் பெட்டிகள்,
ஒன்றில் மட்டும் சரி அடையாளம்.
சரி அடையாளம் போட்டுத்தான்
இல்லை என்கிறார்கள்.

"எல்லாரும் நிப்பாட்டுவமா?" என்றாள் வதனி.
முற்பணம் திரும்பாது என்றேன்.
அது உண்மைதான்.
ஆறு பேர் படுக்கலாம்,
இப்போது ஆறு பேர்.
கணக்கு அவ்வளவு சுத்தமாய்ச் சரிவந்தது
எனக்குப் பிடிக்கவில்லை.

இரவு ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது.
"அக்கா, திறப்புப் பெட்டி எங்க?"
ஸ்கீ அறைக் கதவுக்கு இடப்பக்கம். நாலு, ஒன்று, ஒன்பது, ரெண்டு.
"ஹீட்டர்?"
குசினிக் கதவுக்குப் பின்னால சிவப்புக் குமிழ்.
முதல்ல அமத்து, பிறகு திருப்பு.
"மச்சாள், கரண்டி?" இது சுகிர்தா.
கஜரூபன் சிரிக்கிறான்,
நீ அங்கேயே இருந்தவள் மாதிரி என்று.
மேலே என் ஃபேன் டக் டக் என்றது.

பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு
மறந்துபோனார்கள்.
பதினொரு நிமிடம் நான் பார்த்தது
அந்த வீட்டுக் கூரை.
முப்பத்துநாலு படத்திலும் அது இல்லை.
ஒரு மூலையில் ஈரக்கறை,
விளிம்பு பழுப்பாய்,
எங்கள் மூன்றாம் மாடியில் இருப்பதைப்போலவே.
கட்டில் யாருக்கு என்று வதனியின் இரட்டையர் சண்டை.
பை இழுபடும் சத்தம்.
ஜெயசீலன் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரிக்க,
எனக்கு விளங்கவில்லை.
"ஹலோ" என்று கூப்பிடவும் இல்லை நான்.

சோபாவையும் விரித்தார்களாம்.
ஈரச் சொக்ஸ் காயப்போட.

பதிவு என் பெயரில் என்பதால்
ஒன்பதாம் நாள் எனக்குத்தான் வந்தது கேள்வி:
எங்கள் வீட்டில் தங்கியது எப்படி இருந்தது?
பம்பலப்பிட்டிச் சந்தியில்
வியர்வைக் கையோடு பஸ்ஸில் தொங்கியபடி
ஐந்து நட்சத்திரம் போட்டேன்.
கருத்து எழுத ஒரு பெட்டி.
கறையை எழுதவா என்று யோசித்து
விட்டுவிட்டேன்.
சோபா நன்றாக விரிகிறது, என்று எழுதினேன்.