இரண்டடி பத்தங்குலம்

ஏஜாக்ஸில் நவம்பர். புல்நுனியெல்லாம் உறைபனி.
உலோகம் தேடும் கோலைத் தாழப் பிடித்து
வேலியோரம் நடக்கிறேன்,
கழன்று விழுந்த தோட்டைத் தேடுகிறவள் போல.

யன்னலுக்குள் மயூரதி, கையில் ஆறிய தேநீர்.
ஏப்ரலில் வாங்கிய வீடு.
அந்த இரவு பதினேழு ஒஃபர் வந்ததாம்.
"நிபந்தனை ஒண்டும் வைக்காதேங்கோ,
வைச்சால் வீடு போயிடும்" என்றானாம் ஏஜென்ட்.
வைக்கவில்லை.
வங்கி நிபந்தனை போயிற்று,
கூரை பார்க்கும் நிபந்தனை போயிற்று,
காணி அளப்பதை யாரும் நினைக்கவே இல்லை.
பதினொன்று நாற்பதுக்குக் கைபேசித் திரையில்
விரலால் ஒரு கையெழுத்து.
வென்றுவிட்டோம் என்று பிள்ளைகளை எழுப்பிச் சொன்னார்களாம்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து
வாங்குகிற சனம் நாங்கள்.
ஒன்பதரை லட்சம் டொலருக்கு
வேலியைப் பார்த்து
"இதுவரைக்கும் எங்கட" என்று நம்பிவிட்டோம்.

கோல் கூவுகிறது. மண்வெட்டி. ஒரு சோடா மூடி.
பிறகு ஓர் ஆணி. பிறகு யாரோ பிள்ளையின்
சக்கரமில்லாத விளையாட்டுக் கார்.
நாலாவது குழியில், முழங்கை ஆழத்தில்,
அங்குலச் சதுர இரும்பு,
தலை மழுங்கி, துருவேறி,
எழுபத்துநாலில் எவரோ அடித்த இடத்திலேயே.
வேலிக்கு இந்தப் பக்கம்.
வீட்டுக்குக் கிட்ட.

மயூரதி விரும்பியது பேஸ்மென்ட்டுக்கு ஒரு பக்கவாசல்.
அந்த வாசலால் ஒரு குடும்பம் வரும்,
மாதம் ஆயிரத்து எண்ணூறு வரும்,
மோட்கேஜ் கணக்கே அதில்தான் நிற்கிறது.
ஜெனார்த்தனன் கதவுகூட வாங்கிவிட்டான்;
பிளாஸ்டிக் உறையோடு கராஜில் சாய்ந்திருக்கிறது.
நகரசபை கேட்பது நாலடி.
வேலிவரைக்கும் ஐந்தடி.
இரும்புவரைக்கும்
இரண்டடி பத்தங்குலம்.

இரண்டுதரம் அளந்தேன்.
மூன்றாவது தரம் அவளுக்காக.

"இன்சூரன்ஸ் இருக்குத்தானே?"
இருக்கிறது. பத்திரத்தின் ஓட்டையை அது அடைக்கலாம்,
இல்லாத ஓரடியை அது எங்கிருந்து கொண்டுவரும்?
அப்படிச் சொல்லவில்லை.
"லோயரிட்டைக் கேளுங்கோ" என்றேன்.

பக்கத்து வீட்டு ஃபார்குஹர் செருப்போடு வெளியே வந்தார்.
வேலி அவர் போட்டதுதான், எண்பத்தெட்டில்.
எல்லையில் ஒரு பாறை, தோண்ட முடியவில்லை,
தன் பக்கமே தள்ளி நட்டாராம்.
கிடைத்த நிலத்தைப் பார்த்து அவரும் சிரிக்கவில்லை.
அந்தக் கீற்றில்தான் மயூரதி நட்ட பூண்டு
பச்சையாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கை கழுவக் கீழே போனேன்.
ஃபேர்னஸின் பக்கத்தில் பழைய சொந்தக்காரர்
டேப் போட்டு ஒட்டிய உறை.
உத்தரவாதச் சீட்டு, சுவர்நிறங்களின் பட்டியல்,
நாலாக மடித்த ஒரு தாள்:
எழுபத்துநாலாம் ஆண்டின் அளவைப் படம்.
இன்று நான் குளிரில் எடுத்த அதே எண்,
சாய்ந்த கையெழுத்தில், மையில்.

ஏப்ரலிலும் இது இங்கேதான் இருந்தது.
எத்தனை பேர் இந்தப் படியால் இறங்கி
ஃபேர்னஸின் வயதைக் கேட்டிருப்பார்கள்!

காரில் ஏறியதும் போன். பிரதாபன், என் ஏஜென்ட்.
"விட்பியில பாத்த வீடு அக்கா, இருபத்திரண்டு ஒஃபர்.
ஒன்பது மணிக்குள்ள சொல்லுங்கோ.
நிபந்தனை இல்லாமல்தானே?"

பக்கக் கண்ணாடியில் மயூரதி,
நாலாக மடித்திருந்த தாளை
எட்டாக மடிக்கிறாள்.
என் நகக்கண்ணில் துரு.

"காணிப் படம் இருக்கா எண்டு கேள்."
"ஆர் அக்கா இப்ப அதெல்லாம்..."
"கேள்."