வெட்டு

வாழைச்சேனையில் மூன்று இரவு எடுத்தோம்.
இரத்தத்துக்கு நெக்டோ, கொஞ்சம் கோதுமை மா.
சைக்கிள் ஹாண்டிலில் கட்டிய கமெரா
தெருவைக் குலுக்கிக் குலுக்கிக் குடித்தது.

கத்தி. கண். கத்தி. ரியூப்லைட்.
ஓடும் செருப்பு. திரும்பவும் கத்தி.
நிமிடத்துக்கு அறுபது வெட்டு வைத்தேன்.
டிலக்சன் தரையைத் தொடுவதற்குள்
ஒன்பது தடவை விழுந்தான்.

முதல் காட்சியில் விசில் பறந்தது.
கன்ரீன் தங்கேஸ்வரியக்கா மட்டும் கேட்டா:
"இவனைத் தூக்க
ஒருத்தரும் வரல்லையா மனே?"

அன்றிரவு கழித்த துண்டுகளைக் கிளறினேன்.
'கட்' சொன்ன பிறகும் ஓடிய கமெராவில்
டிலக்சன் எழும்பாமல் கிடந்தான்.
இனிப்புக்கு வந்த எறும்பொன்று
கழுத்தேறி, காதருகே தயங்கி, இறங்கிப் போனது.

பதினொரு செக்கன்.
வெட்டாமல் சேர்த்தேன்.

அந்த இடம் வந்தால்
பொடியன்கள் போனை எடுக்கிறார்கள்.