பத்து அங்குல மேடு

கடைசிப் பாட்டுக்கும் முதல் பந்துக்கும் நடுவே
எங்களுக்குக் கொடுத்திருப்பது ஒன்பது இரவுகள்.

ஐம்பதாயிரம் பேர் குதித்த பிளாஸ்டிக் தரையைப்
பலகை பலகையாய்ப் பெயர்க்கிறோம்.
அடியில் புல்
மாவுக்கட்டுப் பிரித்த கைபோல
வெளுத்துக் கிடக்கிறது.

கிழக்கு லண்டன், அதிகாலை இரண்டரை.
கால்வாய்க் காற்றில் பியர் நாற்றம் இன்னும் கலையவில்லை.
மேடைக்காரர்கள் இரும்பைக் கழற்றி
லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள்,
அடுத்த ஊரில் அதே வானத்தைக் கட்ட.

மேற்பார்வை மோரீன்.
விசில் ஊதமாட்டாள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்,
அதிலும் பாதியை.
அகளங்கன் அவளுக்கு அகா.
டெஸ்பாயை மட்டும் எப்படியோ முழுசாகச் சொல்லிவிடுகிறாள்.

இடுக்கில் கிடைப்பதெல்லாம் மஞ்சள் வாளிக்கு.
ஒற்றைக் கம்மல், ஒட்டு நகம்,
யார் வீட்டையோ பூட்டியே வைத்திருக்கும் சாவி.
நேற்று ஒரு காதுக் கருவி.
மொச்சைக்கொட்டை அளவு.
கைக்குள் மூடியதும்
மெல்ல விசிலடித்தது.
உயிரோடுதான் இருந்திருக்கிறது.

மூன்று நாளாய்ப் பலகைக்கு அடியில்
என்ன கேட்டிருக்கும்?
எங்கள் பூட்ஸை.
பின்னால் வரும் வண்டியின் பீப் பீப்பை.
தேநீர் இடைவேளையில் டெஸ்பாய் போனில்
மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பின்னக் கணக்கை.
யாருக்கும் கேட்காது என்று நான் பாடிய
அரை வரியை.

மோரீன் படிவம் நிரப்பினாள்.
நிறம், பழுப்பு.
கிடைத்த இடம்?
இரண்டாம் பேஸ் பக்கத்தில், என்றேன்.
அப்போது அங்கே பேஸும் இல்லை, பக்கமும் இல்லை,
புல்லில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி.

பிறகு மண் வந்தது.
சலித்த மண், செங்கல் நிறம்,
கடல் தாண்டிக் கப்பலில்.
பூச்சி இல்லை என்று ஒரு முத்திரை,
நோய் இல்லை என்று இன்னொன்று,
ஒரே வாரத்தில் அனுமதியாம்.
டெஸ்பாய் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.
மண்வெட்டியை எடுத்தபிறகு சிரித்தேன்.

பந்து எறிபவன் நிற்க ஒரு மேடு வேண்டும்.
பத்து அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
ஒஹையோவிலிருந்து வந்த லொரெய்ன்
லேசர் வைத்து அளந்துவிட்டு
அதை நம்பாமல்
தோசைக்கல்லில் சூடு பார்ப்பவள்போல்
உள்ளங்கையைத் தாழ்த்திப் பார்த்தாள்.
ஈரம் போதாது.
தெளித்தோம், மிதித்தோம், இடித்தோம்.
விடிந்தபோது அத்தனை பெரிய கிண்ணத்தின் நடுவே
யாரும் ஏறாத
ஒரு மேடு.

ஆட்டத்தன்று எங்களுக்கும் டிக்கெட்,
உச்சி வரிசை, தூணுக்குப் பின்னால்.
விதி பிடிபடவில்லை.
வீடு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.
அங்கிருந்து ஓடி, மூன்று இடம் தொட்டு,
அங்கேயே வரவேண்டும்.
முக்கால்வாசி நேரம் வருவதில்லை.
இரண்டு பேர் வழியில் நிற்கும்போதே
முறை முடிந்தது என்று கையுறையை மாட்டிக்கொள்கிறார்கள்.

நின்றவர்கள் கணக்கில் வருவார்களா,
டெஸ்பாய் கேட்டான்.
முன்வரிசைப் பையன் திரும்பாமலே சொன்னான்:
வருவார்கள்.
மிச்சம் விட்டவர்கள் என்று தனியாக எழுதுவார்கள்.

ஆறாவது முறையில் மோரீனிடமிருந்து செய்தி.
காதுக்குச் சொந்தக்காரி வந்துவிட்டாள்,
குரோய்டனில் பஸ் ஓட்டுகிறவள்.
தொலைக்கவில்லையாம், கழற்றிச் சட்டைப்பையில் போட்டாளாம்,
சத்தம் தாங்காமல்.
அப்புறம் செருப்பையும் கழற்றிவிட்டு
மீதிக் கச்சேரியைத் தரையிலிருந்து கேட்டாளாம்.
நன்றாக இருந்தது என்றாளாம்.

தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தால்
மேட்டில் பாதி தெரிகிறது.
எறிபவன் காலால் அதைக் கிளறிக்கொண்டிருக்கிறான்,
ஒன்பது இரவை
ஒரு குதிகாலால்.

பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன்.
கான்கிரீட் சில்லென்றிருந்தது.
யாரோ அடித்தார்கள். பந்தை நான் பார்க்கவில்லை.
கீழே அத்தனை பேரும் எழுந்தது
முதலில் என் பாதத்துக்குத்தான் தெரிந்தது.