எங்கிட்டு இருக்க

முதல் பதக்கம் மண்டபம் ரயில் நிலையத்தில் கிடைத்தது.
நடைமேடை ஒன்று, நாய் மூன்று, நான்.
பொத்தானை அமுக்கினேன்: வந்தாச்சு.
கைபேசி மத்தாப்புக் கொளுத்தியது.
ஓரிடத்துக்கு வந்து சேர்ந்ததற்காக
முப்பத்துமூன்று வயதுவரை
யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

நண்டுக் கம்பெனியில் எடை எழுதுகிறவள் நான்.
காலை ஆறுக்குள் நுழைந்தால்
ஐஸ், குளோரின், தராசு.
எங்கிட்டு இருக்க என்று கேட்கிற குரல்களெல்லாம்
ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பவை.
இந்தச் செயலி மட்டும்
சும்மா கேட்டது.

பிறகு வேட்டைதான்.
பாம்பன் பேருந்து நிறுத்தம், வேதாளை முக்கு,
உச்சிப்புளியில் புரோட்டா தீர்ந்துபோன கடை,
தங்கச்சிமடத்தில் ஒரு மாதா கெபி.
குந்துகால் தோணித்துறைக்கு
நாற்பத்தொரு நாள் நான்தான் மகாராணி.
என் பெயருக்கு மேலே கிரீடம்
கொஞ்சம் சாய்ந்தே உட்கார்ந்திருக்கும்.
ராஜ்ஜியம் பறிபோகாமலிருக்க
ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கொடுத்து
பன்னிரண்டு ரூபாய் டீ குடிக்கப் போவேன்.

லிஸ்பன் எழுபத்தேழு என்று ஒருவன் போட்டிக்கு.
முகம் தெரியாது. படத்தில்
கூலிங் கிளாஸ் போட்ட பூனை.
ஒரு புதன்கிழமை காய்ச்சல், போகவில்லை.
செய்தி வந்தது:
"இன்னைக்கு குந்துகால் வரலையா?
பச்சைக் கதவு வீடுதானே உங்களுது?"
எழுந்துபோய்க் கதவைப் பார்த்தேன்.
பச்சைதான்.
ராவுத்தர் கடையில் அரை லிட்டர் நீலம் வாங்கி
காய்ச்சலோடே அடித்தேன்.
கிரீடத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியும் செயலியை அழிக்கவில்லை.
ஏனென்று சொல்ல வெட்கம்தான்:
மத்தாப்பு பிடித்திருந்தது.

தை அமாவாசைக் கூட்டம் வடிந்த பிறகு
கம்பெனிப் பெண்களோடு அரிச்சல்முனை.
இடக்கைப் பக்கம் பெண்கடல் சும்மா கிடக்க
வலக்கைப் பக்கம் ஆண்கடல் கத்திக்கொண்டிருந்தது.
கைபேசி அங்கிட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது.
இலங்கை உங்களை வரவேற்கிறது.
நின்ற மணலிலிருந்து நான் காலெடுக்கவில்லை.
"தலைமன்னார்! உங்கள் முதல் வெளிநாடு!
இருநூறு புள்ளிகள்!"
பெண்கள் சிரித்தார்கள். நானும்.
எனக்கு மட்டும் பாதியில் நின்றது.

தம்பி நம்புவேல் அப்போது அங்கிட்டுச் சிறையில்.
விசைப்படகின் ஜிபிஎஸ்ஸில் அவன் இங்கிட்டு.
பிடித்தவர்களின் திரையில் அங்கிட்டு.
இரண்டு புள்ளிக்கும் நடுவே
ஒரு வலையை விரித்துக் காயப்போட
இடம் பற்றாது என்றார் படகு முதலாளி.
அவனுக்கு ஐந்து மாதம்.
எனக்கு இருநூறு,
வெள்ளி நிறத்தில் கப்பல் படம் வேறு.
நீக்க வழியுண்டா என்று தேடினேன்.
வாங்கிய பதக்கத்தைத் திருப்பித் தர
அதில் பொத்தான் இல்லை.

எங்கள் வீட்டில் பாதிப்பேருக்கு
நம்புநாயகி அம்மன் பெயர்.
அவன் சொன்ன இடத்தை
ஒருத்தரும் நம்பவில்லை.

வைகாசியில் விட்டார்கள்.
சென்னை வரை விமானமாம்.
வாழ்க்கையில் முதல் தடவை,
ஜன்னல் சீட்டு கிடைக்கவில்லையாம்.
விடியாத நேரத்தில் மண்டபத்தில் இறங்கினான்.
நடைமேடை ஒன்று, நாய் இரண்டு.
தாடி. யாருடையதோ ஒரு சட்டை.
அழுவான் என்று
முந்தானையைத் தயாராய் வைத்திருந்தேன்.
"அக்கா, ஒன் போன்ல அந்த வந்தாச்சு இருக்குல்ல,
அதுல என் பேரப் போடு."
"எதுக்குடா?"
"போடு. நான் இங்கிட்டு இருக்கேன்னு
எங்கிட்டாவது எழுதிக் கெடக்கட்டும்."

திறந்தேன். சிக்னல் ஒழுங்கில்லை.
நீல வட்டம் விரிந்து விரிந்து
ஸ்டேஷனை, தார்ச்சாலையை,
வடக்குக் கடலில் கொஞ்சம், தெற்குக் கடலில் கொஞ்சம்
எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு
இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்றது.

வட்டம் சுருங்கட்டும் என்று
பெஞ்சில் உட்கார்ந்தோம்.
நாயொன்று வந்து
அவன் செருப்பை மோந்து பார்த்தது.