ஆட்சேபணை ஏதும் எழவில்லை

எங்கள் வடக்கில்
ஆம் என்பதை யாரும் சொல்வதில்லை.
உதட்டைக் குவித்து
காற்றைச் சட்டென உள்ளே இழுப்போம், அவ்வளவுதான்.
ஸ்டாக்ஹோமிலிருந்து மாற்றலாகி வந்த தபால்காரி
முதல் வாரம் முழுக்க
ஊருக்கே ஆஸ்துமா என்று நினைத்திருந்தாள்.

ஆகவே லோங்ட்ரேஸ்க் சாலைச் சங்கத்தின்
நவம்பர் கூட்டத்தில்
பத்தொன்பது பேரின் மூச்சையும்
நான்தான் கவனித்திருக்க வேண்டும்.
குறிப்பேடு என்னிடம் இருந்தது.

நான்காவது பொருள்:
மர ஆலை வளைவுக்கு அப்பால்
மூன்றரைக் கிலோமீட்டருக்கு
இந்தக் குளிர்காலம் முதல் பனி தள்ளுவதில்லை.
டீசல் விலை, வண்டியின் கியர்பெட்டி,
இரண்டையும் கூட்டிப் படித்துக் காட்டினார் எஸ்கில்.
மூன்றரைக் கிலோமீட்டரின் முடிவில்
ஒரே ஒரு வீடு. ஹில்டிங்குடையது.
கணக்கில் அதன் பெயர்
கிழக்குப் பகுதி.

"எதிர்ப்பவர் உண்டா?"
சுத்தியல் மேலே போனது.

அது இறங்குவதற்குள்
காப்பி இயந்திரம் ஒருமுறை செருமியது.
டாக்னி தன் கையுறையில் பிரிந்த நூலை
அன்றுதான் கண்டதுபோல் பார்த்தாள்.
யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.
ஆம் என்றா, ஜலதோஷமா,
வாயெடுத்து விழுங்கியதா,
எல்லாவற்றுக்கும் ஒரே ஒலி.
ஹில்டிங் தொப்பியை முழங்காலில் வைத்து
அதன் காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தார்,
அது ஏதோ நாய்க்குட்டி போல.

டொக்.

ஏகமனதாக, என்று எழுதினேன்.
அழகான கையெழுத்து என்னுடையது.

இரவு சமையலறையில் நகலெடுக்கும்போது
பேனா அந்தச் சொல்லில் நின்றது.
ஜன்னலுக்கு வெளியே புதுப்பனி, ஒரு தடமும் இல்லை.
யாரும் நடக்கவில்லை என்றா அர்த்தம்?
நடந்த பிறகு பெய்தது என்றா?
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜனவரியில் பனிச்சறுக்குக் கட்டையில் போனேன்.
வளைவு வரை சாலை, பிறகு வெறும் வெள்ளை.
ஹில்டிங் காப்பி ஊற்றினார்.
ரொம்ப நேரம் நாங்கள் எதுவும் பேசவில்லை,
அது வேறு வகை.
பிறகு கேட்டேன்,
அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை?

"என் சாலைக்கு நானே பேசினால்
அது கெஞ்சல்.
இன்னொருத்தர் பேசினால்தான் அது கூட்டம்.
காத்திருந்தேன்."

எதுவரை?

"உன் பேனா நகரும்வரை."

நான் செயலாளர், எழுதுவதுதான் என் வேலை என்றேன்.
"செயலாளருக்கும் ஓட்டு உண்டு," என்றார்.
"விதி ஏழு."
சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தேன்.
பத்தொன்பது மௌனங்களில்
ஒன்றின் உள்ளே மட்டும் நான் போய்ப் பார்க்க முடியும்.
போய்ப் பார்த்தேன்.
அங்கே ஆம் இல்லை.
இல்லை என்பதும் இல்லை.
வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்ற நினைப்பும்
ஈரக் காலுறையும் இருந்தன.
அதைத்தான் ஏகமனது என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் கூட்டம். முதல் பொருள்:
சென்ற கூட்டத்தின் குறிப்பை ஏற்பது.
எஸ்கில் சுத்தியலைத் தூக்கி
"சரிதானே?" என்றார்.
கதவருகே ஹில்டிங், பூட்ஸில் முழங்கால்வரை பனி.
இம்முறை அவர் தொப்பியைப் பார்க்கவில்லை.

இல்லை என்பதற்கு மட்டும்
எங்கள் ஊரிலும்
காற்றை வெளியே விட்டாக வேண்டும்.
வெளியே விட, முதலில் உள்ளே இழுக்க வேண்டும்.

இழுத்தேன்.

எஸ்கில் அதைக் கேட்டார்.
என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார்.

டொக்.

அதற்குப் பிறகு நான் சொன்னதற்கு
குறிப்பேட்டில் எண் கிடையாது.
ஆனால் காப்பி இயந்திரம்கூட
அப்போது செருமவில்லை.