கரை

விண்ணப்பத் தாளில் மூன்றே சொல்:
"கீழே வீக்கம். பார்த்தோலின்?"
கேள்விக்குறியை மட்டும்
டாக்டர் அரவேனா அழுத்தி எழுதியிருந்தார்.

ஒத்திலியா வெஞ்சுமான், நாற்பத்தாறு.
வால்டிவியா ஆற்றோரச் சந்தையில் மீன் அறுப்பவர்.
மூன்று வருடமாக ஒரு பக்கம் சாய்ந்தே உட்காருகிறார்.
நீர்க்கட்டி என்று ஒருமுறை ஊசியால் உறிஞ்சினார்களாம்,
ஒரு சொட்டும் வரவில்லை.
வராததை யாரும் குறித்துவைக்கவில்லை.

எனக்கு வந்தது
அதில் கிள்ளியெடுத்த அரிசியளவு சதை.
மைக்ராஸ்கோப்பில் வெளிறிய இளஞ்சிவப்பு.
இளகிய பரப்பில் மெல்லிய ரத்தக் குழாய்கள்,
அவற்றைச் சுற்றிக் கொழுத்த செல்கள்
ஜூலை மழைக்கு
விறகடுப்பைச் சூழ்ந்த குடும்பம்போல்.
அடுப்பைவிட்டுத் தள்ளிப்போகப் போக
ஆளில்லை.

இந்தத் தெருவில் இரண்டு பேர்
ஒரே சட்டை போட்டு அலைகிறார்கள்.
ஒருத்தி சாது. வெட்டினால் போய்விடுவாள்.
மற்றவளும் புற்று அல்ல, கொல்ல வந்தவள் அல்ல.
ஆனால் எல்லை தெரியாது அவளுக்கு.
கொழுப்புக்குள், தசைக்குள், இடுப்புக்குழிக்குள்
விரல் விட்டு விட்டுப் போவாள்.
வெட்டிய பத்தாம் வருடம்
பழைய வாடகைக்காரிபோல் கதவைத் தட்டுவாள்.

டெஸ்மின் சாயம்: பழுப்பாகப் பிடித்தது.
ஈஸ்ட்ரோஜன் ஏற்பி: அதுவும்.
இருவரிடமும் பிடிக்கிற சாயங்கள்தாம்.
இப்படிச் சாயம் கைவிடும் நாளில்
கேட்க வேண்டியது ஒன்றுதான்,
கட்டி எங்கே முடிகிறது?
அரிசிமணியில் அது இல்லை.
நடுக்கடலில் ஒரு குவளை மொண்டு
அதனிடம் கரையைக் கேட்பது எப்படி.

கறையைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறேன்.
கரையைப் பார்க்காமல் ஒருமுறை
கையெழுத்திட்டும் இருக்கிறேன்.
கொர்ராலில் பள்ளிச் சமையல்காரி, நெல்டா.
'சாது' என்று எழுதினேன்.
ஆறாம் வருடம் திரும்பியது,
பிறகும் ஒருமுறை, மலக்குடல் ஓரம்வரை.
அவள் என்னைத் திட்டவில்லை,
நான் யாரென்றே தெரியாது அவளுக்கு.
ஸ்லைடு மட்டும் என் மேசை இழுப்பில் இருக்கிறது.

அரவேனாவைக் கூப்பிட்டேன்.
"எம்ஆர்ஐ எடுங்கள். முழுசாக எடுங்கள், ஓரத்தோடு."
"இவ்வளவு சின்னதுக்கா?"
"சின்னதா என்று நமக்கு இன்னும் தெரியாது."
மறுமுனையில் மழை.
அல்லது அவர் பெருமூச்சு.

பதினெட்டு நாள் கழித்து முழுசாக வந்தது.
நான்கு சென்டிமீட்டர்,
தோலுரித்த உருளைக்கிழங்கின் நிறம்,
கத்திக்கு ரப்பராக எதிர்த்தது.
ஓரமெங்கும் கறுப்பு மை தடவினேன்.
மறுநாள் ஸ்லைடில்
மைக்கும் கட்டிக்கும் நடுவே
முடியளவு நல்ல சதை. சுற்றிலும்.
நான்கு தடவை வலம்வந்தேன்,
எங்கும் அறுபடவில்லை.

ஆஞ்சியோமையோஃபைப்ரோபிளாஸ்டோமா.
பெயர், கட்டியைவிட நீளம்.
இடம் என்ற கட்டத்தில்
'கீழே' என்பதை அடித்துவிட்டு
'இடது யோனிமடல்' என்று எழுதினேன்.

தாளை வாங்க அவரே வந்தார், சந்தை முடிந்து,
முன்கையில் இரண்டு செதில் மின்ன.
"புற்றா?"
"இல்லை."
"திரும்புமா?"
"அநேகமாக இல்லை. வருடம் ஒருமுறை காட்டுங்கள்."
போகவில்லை.
"பார்க்கலாமா அதை?"

விதியில் இடமில்லை.
நாற்காலியை இழுத்துப்போட்டேன்.
இரு பக்கமும் சமமாக உட்கார்ந்தார்.

"என்னிடம் இருந்தபோது
கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்ததில்லை நான்,"
என்றார், லென்ஸைவிட்டுக் கண் எடுக்காமல்.
"இந்த ரோஜா நிறமெல்லாம் நானா?"
"பாதி நீங்கள்."
"எந்தப் பாதி?"

சொல்வதற்குள்
குமிழைத் தப்பாகத் திருப்பிவிட்டார்.
எல்லாம் கலங்கிப்போனது.
ஆற்றங்கரைப் பெண்பிள்ளை, பதறவில்லை.
"விடுங்கள், தானே தெளியும்," என்றார்.

தெளியவில்லை.
அவர் தோளுக்கு மேலாகக் கை நீட்டி
நான் திருப்பினேன்.